எக்ஸ்பெடிஷன்ஸ்: வைக்கிங் – ஆடுபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்த கேமை நான் மூன்று முறை முழுதாக ஆடி முடித்திருக்கிறேன். நான் சொல்லி வாங்கியவர்கள், வாங்கிப் பாதியில் நிறுத்தியவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் எனப் பலரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கதையின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லவில்லை; தயங்காமல் படிக்கலாம்.

இது என்ன வகை கேம்? யார் உருவாக்கியது?

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இயங்கிய லாஜிக் ஆர்டிஸ்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம் உருவாக்கி, 2017 ஏப்ரலில் கணினிக்கு வெளியிட்ட ரோல்பிளேயிங் கேம், அதாவது ஒரு கதாபாத்திரமாக இருந்து ஆடும் கேம் இது. அப்பா இறந்துபோகிறார், டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பத்தில் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் தலைமை உங்கள் தோளில் விழுகிறது. ஊரில் வளம் இல்லை, பக்கத்து ஊர்க்காரர்கள் பலமாக இருக்கிறார்கள், உங்களைத் தலைவராக ஏற்க எல்லோருக்கும் மனம் இல்லை. மேற்கே கடலுக்கு அப்பால் ஒரு நிலம் இருக்கிறது என்ற பேச்சு மட்டும் இருக்கிறது. கப்பல் கட்டி, ஆள் சேர்த்து, அங்கே போய், ஊருக்கு ஏதாவது கொண்டுவர வேண்டும்.

தீ உமிழும் டிராகன் கிடையாது. கடவுள்கள் மனிதர்களின் பேச்சிலும் பயத்திலும் சத்தியத்திலும் இருக்கிறார்கள், அவ்வளவுதான். சண்டை டர்ன் பேஸ்டு முறையில், அதாவது அணிகள் மாறி மாறி ஆடும் முறையில், அறுகோணக் கட்டங்கள் மேல் நடக்கும். மீதி நேரமெல்லாம் பேச்சு, பயணம், முகாம்.

முந்தைய கேமை ஆடியிருக்க வேண்டுமா?

வேண்டாம். 2013இல் வந்த எக்ஸ்பெடிஷன்ஸ்: கான்கிஸ்டடார் ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டத்துக்குப் போன கதை. இதற்கும் அதற்கும் கதைத் தொடர்பு இல்லை. 2022இல் வந்த ரோம் கேமும் தனிக் கதைதான்.

கதை எந்தக் காலத்தில் நடக்கிறது? வைக்கிங்குகள் அப்போதே இங்கிலாந்துக்குப் போயிருந்தார்களா?

கி.பி. 790ஐ ஒட்டிய காலம். இந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்ததுதான் இந்த கேமில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் வழியே வந்த வைக்கிங்குகளின் காலம் என்றால் எல்லோரும் 793ஆம் ஆண்டு ஜூன் 8ஐத்தான் சொல்வார்கள். வட இங்கிலாந்தில் இருந்த நார்தம்பிரியா அரசின் கடலோரத்தில் உள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடாலயம் அன்று சூறையாடப்பட்டது. யார்க்கைச் சேர்ந்த அறிஞர் ஆல்குவின் அதைக் கேள்விப்பட்டு, மடாலயத்தின் ஆயர் ஹிக்பால்டுக்கும் நார்தம்பிரிய மன்னர் ஏதல்ரெட்டுக்கும் கடிதம் எழுதினார். மன்னருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கண்டனம் வருகிறது: உங்கள் ஆட்கள் தலைமுடியையும் தாடியையும் அந்தப் புறச்சமயத்தவர் பாணியிலேயே வெட்டிக்கொள்ள ஆசைப்பட்டார்களே என்று கடிந்துகொள்கிறார். முன்பின் பார்க்காத ஆளின் முடிவெட்டை யாரும் பின்பற்ற முடியாது. அப்படியானால் 793க்கு முன்பே அவர்கள் வந்து போயிருக்கிறார்கள். வியாபாரம் பேசியிருக்கலாம், விருந்தில் உட்கார்ந்திருக்கலாம்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. 789 வாக்கில் தெற்கு இங்கிலாந்தின் போர்ட்லேண்ட் கரையில் மூன்று கப்பல்கள் ஒதுங்கின. அவர்கள் யாரென்று தெரியாமல், வழக்கம்போல அரச மாளிகைக்கு அழைத்துப் போக எண்ணிக் குதிரையில் போன அதிகாரியைக் கொன்றுவிட்டார்கள். ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றேட்டில் இது பதிவாகியிருக்கிறது.

போர்ட்லேண்டுக்கும் லிண்டிஸ்ஃபார்னுக்கும் நடுவில் உள்ள அந்தச் சில ஆண்டுகளில்தான் கேம் நடக்கிறது. வருகிற கப்பலில் இருப்பவன் வியாபாரியா, கொள்ளைக்காரனா என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. கப்பலில் இருக்கும் உங்களுக்கே தெரியாது. நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கதாபாத்திரத்தை உருவாக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்? பெண்ணாக ஆடலாமா?

ஆடலாம். ஆண், பெண் இரண்டுக்கும் கதை ஒன்றுதான். இரண்டாவது முறை பெண் தலைவியாக ஆடினேன். பேச்சுகளில் அங்கங்கே வேறுபாடு வரும்.

“பெண் போர்த்தலைவி வரலாற்றில் உண்டா?” என்று கூடவே கேட்பார்கள். சுவீடனின் பிர்கா ஊரில் 19ஆம் நூற்றாண்டில் தோண்டப்பட்ட ஒரு கல்லறையில் வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரண்டு கேடயங்கள், இரண்டு குதிரைகள் இருந்தன. நூறாண்டுக்கு மேல் அது ஆண் வீரனின் கல்லறை என்றே எழுதிவந்தார்கள். 2017இல் டிஎன்ஏ ஆய்வு அந்த எலும்புகள் ஒரு பெண்ணுடையவை என்று காட்டியது. அவர் களத்தில் நின்று போரிட்டவரா என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. அது 10ஆம் நூற்றாண்டுக் கல்லறை, கேமின் காலத்துக்குப் பிந்தியது. ஆனாலும் அந்த ஆய்வின்படி ஒரு பெண்ணை இத்தனை ஆயுதங்களோடு புதைத்த சமூகம் அது.

இதில் வீரன், மந்திரவாதி, திருடன் என்ற வகுப்புகள் கிடையாது. திறன் புள்ளிகளைச் செலவழித்து எதை வேண்டுமானாலும் கற்கலாம். புதிதாக ஆடுபவர்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வீணாக்குகிறார்கள். ஒரு ஆயுதம், ஒரு முகாம் வேலை, பேச்சுத் திறன்: இந்த மூன்றோடு தலைவரை நிறுத்திக்கொள்ளுங்கள். தலைவர் பேசத் தெரிந்தவராக இருப்பது மிக முக்கியம். நன்றாகப் பேசினால் பல சண்டைகள் வராமலே போகும்.

டர்ன் பேஸ்டு சண்டை எனக்குப் பழக்கமில்லை. முதல் சண்டையிலேயே பாதிப் பேர் விழுந்துவிட்டார்கள். என்ன தவறு செய்கிறேன்?

பெரும்பாலும் ஒரே தவறுதான்: முன்னால் ஓடுவது.

இதில் ஒருவர் மாற்றி ஒருவர் அடிப்பதில்லை. முதலில் உங்கள் அணியில் எல்லோரும் ஆடி முடிக்க வேண்டும். பிறகு எதிரணி முழுக்க ஆடும். இதன் பொருளை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதி விளையாட்டு கைவசம் வந்த மாதிரி. நீங்கள் முறையை முடித்துக்கொண்ட பிறகு எதிரிகள் அத்தனை பேரும், இடையில் நீங்கள் எதுவும் செய்ய முடியாமல், ஒருவர் பின் ஒருவராக உங்கள் ஆளை அடிப்பார்கள். தனியாக முன்னால் நிற்பவன் தாங்க மாட்டான்.

என் முதல் ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குடிசை, பக்கத்தில் மரவேலி, அதற்கு அந்தப் பக்கம் ஏழு பேர். என்னிடம் ஐந்து பேர். எதிரணி வில்லாளி ஒருவன் வேலியோரமாகத் தனியாக நின்றான். கோடரிக்காரனை நேராக அவன்மேல் அனுப்பினேன். அடி விழுந்தது, வில்லாளியும் விழுந்தான். முறையை முடித்தேன். மீதி ஆறு பேரில் நான்கு பேர் என் கோடரிக்காரனைச் சூழ்ந்தார்கள். அடுத்த முறை எனக்கு வந்தபோது அவன் தரையில் கிடந்தான்; மிஞ்சிய என் நால்வருக்கு எதிரே ஆறு பேர் நின்றார்கள்.

முன்பு சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, இந்த முறை யாரையும் முன்னால் அனுப்பவில்லை. குடிசைச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே இரண்டு கட்ட அகலத்தில் ஒரு இடைவெளி இருந்தது. கேடயக்காரர் இருவரை அங்கே தோளோடு தோளாக நிறுத்தினேன். அவர்களுக்குப் பின்னால் ஈட்டிக்காரி. ஈட்டி இரண்டு கட்ட தூரம் எட்டும். கேடயங்களுக்குப் பின்னால் நின்றபடியே குத்தலாம். வில்லாளியைக் குடிசையின் மூலையில், எதிரணி வில்லாளிகள் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன். தலைவரைப் பின்னால் வைத்துக்கொண்டேன். பிறகு ஒன்றும் செய்யாமல் முறையை முடித்தேன். அவர்கள்தான் வந்தார்கள், இரண்டிரண்டு பேராக. நான்காவது முறையில் சண்டை முடிந்தது. என் பக்கத்தில் ஒருவருக்கும் பெரிய காயம் இல்லை.

எதிரியை ஒட்டி நிற்கும்போது சும்மா விலகி நடந்தால் முதுகில் இலவசமாக ஒரு அடி விழும் என்பதையும் நினைவில் வையுங்கள். வில்லாளியை எதிரி நெருங்கிவிட்டால் அவனை ஓடவிட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரை உதவிக்குக் கொண்டுவாருங்கள். குறி தப்பும் வாய்ப்பு எவ்வளவு என்பது திரையிலேயே தெரியும். மறைவில் நிற்பவன்மேல் அம்பு எய்து முறையை வீணாக்குவதைவிட, அந்த முறையில் நல்ல இடத்துக்கு நகர்வது மேல்.

எந்த ஆயுதம் நல்லது?

ஈட்டி. இதை நான் மட்டும் சொல்லவில்லை, அந்தக் காலமும் அதையே சொல்கிறது. அன்றைய வடநாட்டு வீரர்களிடம் மிகப் பரவலாக இருந்தது ஈட்டிதான். ஒரு ஈட்டிமுனைக்குத் தேவையான இரும்பு கொஞ்சம். வாளுக்கு நிறைய இரும்பும், அதைவிட நிறையத் திறமையும் வேண்டும். இரும்புக் கம்பிகளை முறுக்கி, காய்ச்சி, ஒன்றாக அடித்து இணைத்துச் செய்த வாள்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய சொத்து. அதனால் கேமில் நல்ல வாள் ஒன்று கிடைக்கும்போது அதை விற்றுவிடாதீர்கள்.

கேடயத்தையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மெல்லிய மரப்பலகைகளைச் சேர்த்து, 80 முதல் 90 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டமாக வெட்டியது. நடுவில் ஒரு துளை, அதன்மேல் இரும்புக் குமிழ், குமிழுக்குப் பின்னால் ஒரே ஒரு கைப்பிடி. தோள்பட்டையில் கட்டிக்கொண்டு சுவர் மாதிரி நிற்பதற்கானது இல்லை இது. முஷ்டியில் பிடித்து, வருகிற அடியைத் தள்ளித் திருப்புவதற்கு. மரம் மெல்லியது என்பதால் சண்டையில் உடையும், உடைந்தால் வேறு எடுக்க வேண்டும்.

நீண்ட பிடி வைத்த இரு கைக் கோடரியும் கேமில் இருக்கிறது. ஆடுவதற்குச் சுகமான ஆயுதம். ஆனால் அந்த வகை 10ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 11ஆம் நூற்றாண்டிலும்தான் பேர் பெற்றது. 790இல் நடக்கும் கேமில் அது தன் காலத்துக்கு முந்தியே வந்துவிட்டது.

முகாம் போடுவதே புரியவில்லை. எப்போதும் சாப்பாடு தீர்ந்துவிடுகிறது, யாராவது சோர்ந்து கிடக்கிறார்கள்.

இந்த கேமை நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிறுத்தினார்கள். எனக்கோ இந்த கேமின் உயிரே முகாமில்தான் இருக்கிறது.

நடந்துகொண்டே இருந்தால் ஆட்கள் களைத்துப்போவார்கள். ஆற்றோரமோ காட்டு மறைவோ பார்த்து முகாம் போட வேண்டும். இரவு சில வேளைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு வேளைக்கும் யார் காவல், யார் வேட்டை, யார் காயத்துக்கு மருந்து போடுவது, யார் பொருள்கள் செய்வது, யார் தூங்குவது என்று நீங்கள் ஒதுக்க வேண்டும். ஒருவரே எல்லா வேளையும் வேலை செய்தால் மறுநாள் களைப்போடு நடப்பார். எல்லோரையும் தூங்கவிட்டால் காவல் இருக்காது. காவல் இல்லாத முகாமுக்குத் திருடனும் வருவான், தாக்குபவனும் வருவான்.

நான் செய்வது இப்படி. முதலில் காயம்பட்டவர்களைப் பார்ப்பேன். மருத்துவம் தெரிந்த ரோஸ்க்வாவை முதல் வேளையிலேயே அவர்களிடம் உட்காரவைப்பேன், கடைசி வேளையில் அவளைத் தூங்கவிடுவேன். அவள் தூக்கத்தை எக்காரணம் கொண்டும் எடுக்க மாட்டேன். அடுத்து காவல்: எந்த வேளையும் காவல் இல்லாமல் போகக்கூடாது. அதற்கப்புறம்தான் வேட்டை. மிஞ்சிய ஆட்களுக்குத்தான் பொருள் செய்யும் வேலை. இந்த வரிசையை மாற்றி, சாப்பாடு குறைவாக இருக்கிறதே என்று எல்லோரையும் வேட்டைக்கு அனுப்பிய இரவுகளில்தான் எனக்குப் பெரிய இழப்புகள் வந்தன.

ஒரு சின்ன உதவிக் குறிப்பு: ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முகாம் வேலையைக் கொடுத்து அதில் திறனை ஏற்றுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு வேட்டைக்காரர் அரைகுறையான மூவர் கொண்டுவருவதைத் தனியாகக் கொண்டுவந்துவிடுவார்.

சண்டையில் ஜெயித்தேன். ஆனால் இரண்டு நாள் கழித்து ஒருவர் செத்துப்போனார். இது பிழையா?

பிழை இல்லை. சண்டையில் விழுந்தவர் பிழைத்துக்கொண்டாலும் ஒரு காயத்தோடுதான் எழுவார். அந்தக் காயத்துக்கு முகாமில் மருந்து போட வேண்டும். போடாவிட்டால் மோசமாகிக்கொண்டே போகும், கடைசியில் ஆளைக் கொன்றுவிடும். “ஜெயித்துவிட்டோம்” என்று திரையில் வந்ததும் அவசரமாக அடுத்த இடத்துக்கு ஓடாதீர்கள். ஒவ்வொருவர் படத்தின் மேலும் காயக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துச் சரக்கு குறைந்தால் பயணத்தை நிறுத்தி மூலிகை தேடுங்கள் அல்லது சந்தைக்குப் போங்கள்.

கெடு உண்டா? நாள் போதுமா?

உண்டு. ஆல்திங் என்ற பெரிய சபை கூடுவதற்குள் நீங்கள் திரும்பி வர வேண்டும். அதற்குள் உங்கள் ஊரின் பலமும் வளமும் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். இரண்டும் தனித்தனிக் கணக்கு. வேலி, ஆயுதம், வீரர் பக்கம் செலவழித்தால் பலம் ஏறும். விளைச்சல், வியாபாரம் பக்கம் செலவழித்தால் வளம் ஏறும்.

நாள் போதும். கிடைத்த எல்லா வேலையையும் செய்து தீர்க்க வேண்டும் என்ற வெறியில்தான் நாள் போதாமல் போகிறது. காட்டில் யாரோ தொலைத்த பொருளைத் தேடி எட்டு நாள் அலைந்துவிட்டு ஊருக்கு வந்தால், அங்கே காத்திருந்த பெரிய வேலை கைவிட்டுப் போயிருக்கும். வழியில் இருக்கும் வேலைகளை எடுங்கள், விலகிப் போக வேண்டியதை விடுங்கள்.

என் தோழர்கள் அடிக்கடி கோபித்துக்கொள்கிறார்கள். எல்லோரையும் திருப்திப்படுத்த முடியுமா?

முடியாது. முயலவும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு குணம் உண்டு. சிலர் பழைய வழக்கத்தை விடமாட்டார்கள், சிலருக்குப் புதியது வேண்டும். ஒருவர் சமாதானம் விரும்புவார், நெஃப்யா என்ற தோழி மாதிரி ஆள் கையை ஓங்கத் துடிப்பார். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் யாருக்கோ பிடிக்கும், யாருக்கோ கசக்கும். மனம் மிகவும் கசந்தவர் போய்விடவும் கூடும்.

என் அனுபவத்தில் முகாமில் வந்து பேசுபவரிடம் முழுதாகப் பேசிவிட்டால் பாதிக் கசப்பு தீர்ந்துவிடும். பலர் அந்த உரையாடல்களைப் படிக்காமல் தட்டிவிட்டுப் போகிறார்கள். அங்கேதான் அவர்கள் யார் என்று தெரியவருகிறது: யாருக்கு ஊரில் குழந்தை இருக்கிறது, யார் உங்கள் அப்பாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவர், யார் வேறு போக்கிடம் இல்லாமல் வந்தவர். அது தெரிந்த பிறகு அதே ஆளை வேலிக்கு அந்தப் பக்கம் தனியாக அனுப்ப உங்களுக்குக் கை வராது.

பிரிட்டனில் யார் பக்கம் சேர்வது? நார்தம்பிரியாவா, பிக்டுகளா?

இரண்டு பக்கமும் நல்லவர்கள் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் உங்களைப் பயன்படுத்திக்கொள்ளப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இப்படித்தான் சேர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பின்னணியை மட்டும் சொல்கிறேன், தெரிந்தால் உரையாடல்கள் வேறு மாதிரி கேட்கும்.

நார்தம்பிரியா இன்றைய வட இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தின் தென்கிழக்கும் சேர்ந்த ஆங்கிலேய அரசு. 7ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலேயே பலமாக இருந்தது. 685இல் அதன் மன்னர் எக்ஃப்ரித் வடக்கே, இன்றைய ஸ்காட்லாந்தில் வாழ்ந்த பிக்டுகள் என்ற மக்களின் நாட்டுக்குள் படையெடுத்துப் போய், டன் நெக்டைன் போரில் பிக்டு மன்னர் பிரிடெயின் படையிடம் உயிரிழந்தார். அதோடு நார்தம்பிரியாவின் வடக்கு நோக்கிய வளர்ச்சி நின்றது. கேமின் காலத்தில் அந்த அரசு உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தது: 790இல் ஆஸ்ரெட் என்ற மன்னரை இறக்கிவிட்டு, நாடுகடத்தப்பட்டிருந்த ஏதல்ரெட் மறுபடி அரியணை ஏறினார். திரும்பி வர முயன்ற ஆஸ்ரெட் 792இல் கொல்லப்பட்டார். 796இல் ஏதல்ரெட்டும் கொலையுண்டார். அப்படிப்பட்ட அரசவைக்குள்தான் நீங்கள் அந்நியராக நுழைகிறீர்கள். அங்கே யாரும் முழு மனத்தோடு பேச மாட்டார்கள் என்பதில் வியப்பில்லை.

பிக்டுகள் தங்களைப் பற்றி எழுதி வைத்தது மிகக் குறைவு. அவர்கள் விட்டுப்போனவை செதுக்கிய கற்கள்: பிறை, முறிந்த அம்பு போன்ற கோடு, மீன், காளை, என்னவென்று இன்றுவரை புரியாத ஒரு விலங்கு. இந்தக் குறிகளின் பொருள் யாருக்கும் திட்டவட்டமாகத் தெரியாது. கேமில் அவர்கள் பகுதிக்குள் நடக்கும்போது அவசரப்படாமல் சுற்றிப் பாருங்கள்.

கொள்ளையடிக்காமல் ஆட முடியுமா? வைக்கிங் என்றாலே கொள்ளைதானே?

முடியும். என் மூன்றாவது ஆட்டம் அப்படித்தான். கடினம், செல்வம் மெதுவாகத்தான் சேரும், நெஃப்யா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் முடியும்.

அந்தக் காலத்து வடநாட்டாரில் பெரும்பாலோர் உழுது, மாடு வளர்த்து, மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். கதையில் வரும் ரீபே ஊரைப் பாருங்கள். டென்மார்க்கின் மிகப் பழைய நகரம் அது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆற்றோரத்தில் அங்கே சந்தை கூடியது. தோண்டிய இடத்தில் கண்ணாடி மணி செய்தவர்களின் கழிவும், மான்கொம்பில் சீப்பு அறுத்தவர்களின் துண்டுகளும், சின்னச் சின்ன வெள்ளிக் காசுகளும் கிடைத்தன. லிண்டிஸ்ஃபார்னுக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டு முன்னாலேயே அங்கே ஒருவர் உட்கார்ந்து மணி உருக்கிக்கொண்டிருந்தார்.

இதைச் சொல்லும்போது மற்றதையும் மறைக்கக் கூடாது. அந்தச் சமூகத்தில் அடிமைகள் இருந்தார்கள். த்ரால் என்று அவர்களுக்குப் பெயர். கடல் தாண்டிப் போன கொள்ளைகளில் வெள்ளியைப் போலவே ஆட்களும் பிடித்துவரப்பட்டார்கள், விற்கப்பட்டார்கள். கேம் இதைப் பூசி மெழுகவில்லை. அடிமைகள் தொடர்பான முடிவுகள் உங்கள் முன்னால் வரும், அதில் லாபமும் இருக்கும். நான் முதல் ஆட்டத்தில் லாபத்தைப் பார்த்து ஒரு முடிவெடுத்தேன். அன்று இரவு முகாமில் ஒரு தோழர் அதைப் பற்றிக் கேட்டபோது, கொடுக்கப்பட்ட நான்கு பதில்களில் எதையும் என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. கேமை அணைத்துவிட்டு எழுந்துபோனேன்.

வரலாற்றுக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது? கொம்பு வைத்த தலைக்கவசம் எங்கே?

கொம்புத் தலைக்கவசம் இல்லை, இருக்கவும் கூடாது. டென்மார்க்கில் வெக்ஸோ என்ற இடத்தில் கிடைத்த கொம்பு வைத்த தலைக்கவசங்கள் வெண்கலக் காலத்தவை, கி.மு. 900ஐ ஒட்டியவை, வைக்கிங்குகளுக்கு ஏறக்குறைய 1,700 ஆண்டு முந்தியவை. 19ஆம் நூற்றாண்டு மேடை நாடக உடைகள்தான் கொம்பை வைக்கிங் தலையில் மாட்டிவிட்டன. உண்மையான வைக்கிங் காலத் தலைக்கவசங்களில் நன்றாகத் தெரிந்தது 1943இல் நார்வேயின் யெர்முண்ட்பூ பண்ணையில் கண்டெடுக்கப்பட்டது: உருண்டையான இரும்புக் கவசம், கண்ணைச் சுற்றி மூக்குக் கண்ணாடி மாதிரி ஒரு காப்பு.

ஒரு திருத்தம் சொல்லலாம். ஆல்திங் என்ற பெயர் ஐஸ்லாந்தில் 930இல் தொடங்கிய சபைக்கு உரியது. டென்மார்க்கில் ஊருக்கு ஊர், வட்டாரத்துக்கு வட்டாரம் கூடியவற்றைத் திங் என்றே சொன்னார்கள். ஆனால் சுதந்திரமான ஆண்கள் திறந்த வெளியில் கூடி வழக்கைப் பேசித் தீர்த்தார்கள், கொலைக்குப் பணம் கொடுத்துப் பகையை முடித்தார்கள் என்ற அடிப்படை சரியானதே.

ஆங்கிலம் நிறையப் படிக்க வேண்டுமா?

ஆமாம், நிறைய. தமிழில் இல்லை. உரையாடல்கள் பெரும்பாலும் எழுத்தில்தான் வரும், ஆனால் எல்லாமே நின்று நிதானமாகப் படிக்கும்படி இருக்கும். நேரக் கெடு எதுவும் படிக்கும்போது ஓடாது. பள்ளியில் படித்த ஆங்கிலமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பழைய கணினியில் ஓடுமா? எந்தக் கடினத்தில் ஆடலாம்?

2017இன் கேம் என்பதால் புதிய விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. கடினத்தைத் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம். சண்டையை எளிதாக்கிவிட்டு முகாமை மட்டும் கடினமாக வைக்கலாம். முதல் முறை ஆடுபவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். சண்டையில் சிக்கிச் சலித்துப்போவதைவிட, கதையை முழுதாக ஆடி முடியுங்கள்.

ஒரு தடவை முடித்துவிட்டேன். மறுபடி ஆட ஏதாவது இருக்கிறதா?

நிறைய. முதல் முறை நார்தம்பிரியாவோடு சேர்ந்தவர்கள் இரண்டாவது முறை பிக்டுகளோடு போனால் பாதிக் கதை புதிதாக இருக்கும். முதல் முறை யாரைக் கொன்றீர்களோ அவர் இந்த முறை உங்களோடு அமர்ந்து சாப்பிடலாம்.

நான் மூன்றாவது முறை தொடங்கியபோது ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: கப்பலில் ஏறியவர் ஒருவரைக்கூடக் கரையில் புதைக்கக்கூடாது. அதற்காகப் பல சண்டைகளை விட்டு விலகினேன், இரண்டு பெரிய பரிசுகளை விட்டேன், ஒரு இடத்தில் தலைவர் என்ற மரியாதையையே விட்டுக்கொடுத்துப் பணிந்து பேசினேன். மருந்து தீர்ந்த ஒரு வாரம் முழுக்க நகராமல் ஆற்றோரத்தில் முகாம் போட்டுக் கிடந்தோம், கெடு குறைந்துகொண்டே இருந்தது. கடைசியில் கப்பல் யூட்லாந்துக் கரையில் தட்டியதும், ஊருக்குள் போகும் முன் ஆட்களின் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராக எண்ணினேன். போனவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ரோஸ்க்வாவின் படத்தில் மட்டும் ஒரு சின்னக் களைப்புக் குறி இருந்தது.